பாரியில் ஆடாத ஆட்டம்

1991 மே மாதக் கடைசியில் ஒரு நாள், எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஒரு டென்னிஸ் செய்திக்குக் கீழே நான்கைந்து வரிகள் அச்சாகியிருந்தன. யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேடு அணி, பிரான்சின் மார்செய் அணியைப் பெனால்டி உதைகளில் 5-3 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது என்பதே அந்தச் செய்தி. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. முந்தைய ஆண்டு இத்தாலி உலகக் கோப்பையைப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கண்விழித்துப் பார்த்திருந்ததால் யூகோஸ்லாவியா என்ற பெயர் எனக்குப் பழகியிருந்தது. அந்த நான்கைந்து வரிகளைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒட்டி வைத்தேன். சில மாதங்களில் அதே நாளிதழின் முதல் பக்கத்துக்கு யூகோஸ்லாவியா போர்ச் செய்தியாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு விளையாட்டுப் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்ப்பது அரிதாயிற்று.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு வீட்டை மாற்றும்போது அது கையில் அகப்பட, 1990-91 பருவத்தில் ரெட் ஸ்டார் ஆடிய ஒன்பது ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களையும் இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவுகளில், முழுதாகக் கிடைத்தவற்றை முழுதாகவும் மற்றவற்றைத் துண்டு துண்டாகவும், தொடர்ந்து பல இரவுகள் பார்த்தேன். அந்த ஒன்பதில் கடைசி ஆட்டமான, இத்தாலியின் பாரி நகரில் நடந்த இறுதிப் போட்டியைப் பற்றிக் கால்பந்து உலகில் ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது. ஐரோப்பியக் கோப்பை வரலாற்றிலேயே சலிப்பூட்டிய இறுதிப் போட்டிகளில் அது முன்னணியில் நிற்கிறது என்பார்கள். ஆட்டத்தைப் பார்த்த யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சலிப்பை அந்த அணியின் குறையாக எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். முந்தைய எட்டு ஆட்டங்களையும், எட்டாவது ஆட்டத்துக்கும் ஒன்பதாவது ஆட்டத்துக்கும் இடையிலான ஐந்து வாரங்களையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த 120 நிமிடங்கள் யாருக்கும் விளங்கப் போவதில்லை.

இன்றைய சாம்பியன்ஸ் லீக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அன்றைய முறை விசித்திரமாகத் தோன்றலாம். அப்போது ஒரு நாட்டின் லீக் சாம்பியனும், நடப்புக் கோப்பையை வைத்திருக்கும் கழகமும் மட்டுமே போட்டியில் இடம்பெற முடியும். குழு ஆட்டங்கள் இல்லை. சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று என்று இரண்டு ஆட்டங்கள். கோல்களைக் கூட்டிப் பார்த்துத் தோற்றவர் வெளியேற வேண்டியதுதான். இந்தத் தூய வெளியேற்று முறையில் நடந்த கடைசிப் பருவமும் 1990-91தான். அடுத்த பருவத்திலேயே குழு ஆட்டங்கள் வந்தன, அதற்கடுத்து போட்டியின் பெயரே மாறியது. 1985இல் ரசிகர் மோதலில் பலர் இறந்த ஹெய்சல் அரங்க விபத்துக்குப் பிறகு ஆங்கிலக் கழகங்கள் மீது விதிக்கப்பட்ட தடை அந்த ஆண்டு நீங்கினாலும், இங்கிலாந்தின் சாம்பியனான லிவர்பூலுக்கு மட்டும் அது நீடித்ததால் இந்தக் கோப்பையில் ஆங்கில அணி எதுவும் இல்லை. தொடர்ந்து இரண்டு முறை கோப்பையை வென்றிருந்த இத்தாலியின் மிலான்தான் எல்லோரும் அஞ்சிய அணி.

காலிறுதிக்கு வந்த எட்டு அணிகளின் பட்டியலை எழுதி வைத்துப் பார்த்தேன். மிலான், மார்செய், ரியல் மாட்ரிட், போர்ட்டோ, பயர்ன் மியூனிக் ஆகியவற்றோடு டைனமோ டிரெஸ்டன், ஸ்பார்டக் மாஸ்கோ, ரெட் ஸ்டார் பெல்கிரேடு. டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனியின் சாம்பியனாகத் தகுதி பெற்றிருந்தது. 1991 மார்ச்சில் காலிறுதி ஆட வந்தபோது கிழக்கு ஜெர்மனி என்ற நாடு முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஸ்பார்டக்கின் சோவியத் ஒன்றியத்துக்கு அந்த டிசம்பர் வரைதான் ஆயுள். எட்டில் மூன்று அணிகள், வரைபடத்திலிருந்து அழிந்துவிட்ட அல்லது அழியப் போகிற நாடுகளின் பெயரால் ஆடிய பருவம் அது.

ரெட் ஸ்டாருக்கு அதன் சொந்த மொழியில் செர்வெனா ஸ்வெஸ்டா என்று பெயர். சிவப்பு நட்சத்திரம் என்பது பொருள். 1960களின் மகத்தான இடதுபுற ஆட்டக்காரர் டிராகன் ஜாயிச், ஆடுவதை நிறுத்திய பின் இந்தக் கழகத்தின் தொழில்நுட்ப இயக்குநரானார். அவரும் நிர்வாகி விளாதிமிர் ஸ்வெத்கோவிச்சும் 1980களின் நடுவில் ஓர் ஐந்தாண்டுத் திட்டம் வகுத்தார்கள். செர்பியா, குரோவாத்தியா, ஸ்லோவேனியா, போஸ்னியா, மாண்டெநீக்ரோ, மாசிடோனியா என்ற ஆறு குடியரசுகள் சேர்ந்த யூகோஸ்லாவியாவின் எந்த மூலையில் நல்ல இளைஞன் இருந்தாலும் பெல்கிரேடுக்குக் கொண்டுவந்து, ஐந்தாண்டுகளுக்குள் ஐரோப்பியக் கோப்பையை வெல்வதே அதன் நோக்கம். நாட்டின் விதிப்படி இளம் வீரர்கள் எளிதில் வெளிநாட்டுக்குப் போக முடியாதிருந்தது அந்தத் திட்டத்துக்கு உதவியது. சேர்த்த அணி சில ஆண்டுகளாவது கலையாமல் இருக்கும் என்று அவர்கள் நம்ப முடிந்தது.

அப்படி வந்தவர்களில் ராபர்ட் புரொசினெச்கி, தந்தை குரோவாத்தியர், தாய் செர்பியர். பிழைக்கப் போன பெற்றோருக்கு மேற்கு ஜெர்மனியில் பிறந்து, சாக்ரெப் நகரின் டைனமோ கழகத்தில் வளர்ந்தவர். இவன் கால்பந்து வீரனாகிவிட்டால் என் பயிற்சியாளர் சான்றிதழைத் தின்றுவிடுகிறேன் என்று டைனமோவின் பயிற்சியாளர் மிரோஸ்லாவ் பிளாஜெவிச் சொன்னதாகக் கதை ஒன்று இன்றும் அங்கே வழங்குகிறது. 1987இல் புரொசினெச்கி பெல்கிரேடுக்கு வந்தார். அதே ஆண்டு சிலியில் நடந்த உலக இளையோர் கோப்பையை யூகோஸ்லாவியா வென்றபோது தொடரின் சிறந்த வீரரும் அவரே. தெயான் சாவிச்செவிச் மாண்டெநீக்ரோவின் டிட்டோகிராடிலிருந்தும், தார்க்கோ பான்செவ் மாசிடோனியாவின் ஸ்கோப்யேயிலிருந்தும் 1988இல் வந்தார்கள். தற்காப்பில் இலியா நைதோஸ்கி மாசிடோனியர். ரெஃபிக் ஷபனாஜோவிச் மாண்டெநீக்ரோவின் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்லோபோடான் மரோவிச் அட்ரியாட்டிக் கரையின் பார் என்ற துறைமுக ஊர்க்காரர். பருவத்தின் நடுவில் வோய்வோதினா கழகத்திலிருந்து வந்து சேர்ந்த சினிஷா மிஹைலோவிச், குரோவாத்தியாவின் வுக்கோவர் நகரில் பிறந்து அதை அடுத்த போரோவோவில் வளர்ந்தவர். அவருக்குத் தந்தை செர்பியர், தாய் குரோவாத்தியர்.

இவர்களுக்கு நடுவே ஒரே ஒரு வெளிநாட்டுக்காரர், மியோட்ராக் பெலோடெடிச். ருமேனியாவில் செர்பிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, 1986இல் ஸ்டௌவா புக்கரெஸ்ட் அணியோடு இதே ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். 1988இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ருமேனியாவிலிருந்து தப்பி யூகோஸ்லாவியாவுக்கு வந்தார். அவர் இல்லாமலேயே அங்கே விசாரணை நடத்திப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஓராண்டு ஆட்டத் தடையையும் அனுபவித்த பிறகே ரெட் ஸ்டாருக்கு ஆட முடிந்தது. பதிவுகளில் அவரைக் கவனித்துப் பாருங்கள். எதிரணி முன்வீரன் பந்தோடு பாய்ந்து வரும்போது கீழே விழுந்து தடுக்க மாட்டார். நின்றபடியே காத்திருந்து, பந்து அவன் காலை விட்டு அரை முழம் விலகும் கணத்தில் ஒரே எட்டில் எடுத்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடப்பார்.

இந்த அணிக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1988 நவம்பர் 9 அன்று, மிலானுக்கு எதிராக பெல்கிரேடில் சாவிச்செவிச் அடித்த கோலால் முன்னிலை பெற்றிருந்தார்கள். அப்போது அரங்கத்தில் இறங்கிய மூடுபனி, ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம் தெரியாதபடி கவிந்தது. இரண்டாம் பாதியில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். விதிப்படி மறுநாள் 0-0 என்று முதலிலிருந்து ஆடினார்கள். 1-1 என்று முடிந்து, பெனால்டியில் மிலான் வென்றது. உதையைத் தவறவிட்ட இருவரில் சாவிச்செவிச்சும் ஒருவர். மிலான் அந்த ஆண்டின் கோப்பையைத் தூக்கியது. அந்தப் பனி இறங்காதிருந்தால் மிலானின் பொற்காலமே தொடங்கியிருக்காது என்று பெல்கிரேடில் சொல்வார்கள் என்றால், அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

1990 கோடையில் லியுப்கோ பெத்ரோவிச் பயிற்சியாளராக வந்தார். முதல் சுற்றில் சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர்ஸ் அணியோடு சொந்த ஊரில் 1-1 என்று தடுமாறி, சூரிச்சில் 4-1 என்று வென்றார்கள். இரண்டாம் சுற்றில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை பெல்கிரேடில் 3-0 என்று வென்றபோதுதான் ஐரோப்பா இந்த அணியைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆட்டத்தில் புரொசினெச்கி அடித்த ஃப்ரீ கிக்கை நான் எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கே இல்லை. கிளாஸ்கோவில் 1-1. காலிறுதியில் டிரெஸ்டனை பெல்கிரேடில் 3-0 என்று வென்றார்கள். டிரெஸ்டனில் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது, தோல்வி உறுதியான ஆத்திரத்தில் உள்ளூர்க் கூட்டம் கலவரம் செய்ய, 78ஆவது நிமிடத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி ரெட் ஸ்டாருக்கு வழங்கப்பட்டது.

அதே 1991 மார்ச் 20 இரவில்தான் மார்செய் நகரிலும் ஓர் ஆட்டம் பாதியில் நின்றது. கிறிஸ் வாடில் அடித்த கோலால் மிலான் பின்தங்கியிருந்த நிலையில், ஆட்டம் முடியும் தறுவாயில் விளக்குகளில் ஒரு பகுதி அணைந்தது. விளக்கு திரும்ப எரிந்த பிறகும் மிலான் நிர்வாகம் அணியைக் களத்துக்கு அனுப்ப மறுத்தது. வெற்றி மார்செய்க்குப் போனது; மிலானுக்கு ஓராண்டுத் தடை கிடைத்தது. 1988இல் பனி காப்பாற்றிய மிலானை இந்த முறை இருட்டு காப்பாற்றவில்லை. மார்செய், அரையிறுதியில் ஸ்பார்டக்கை இரண்டு ஆட்டங்களிலும் வென்று இறுதிக்கு வந்தது.

ரெட் ஸ்டாரின் அரையிறுதி பயர்ன் மியூனிக்கோடு. முதல் ஆட்டம் ஏப்ரல் 10 அன்று மியூனிக் ஒலிம்பிக் அரங்கத்தில் நடந்தது. வோல்ஃபார்ட் அடித்த கோலால் பயர்ன் 1-0 என்று முந்தியது. இடைவேளைக்கு முந்தைய கடைசித் தருணத்தில், ரெட் ஸ்டாரின் சொந்தப் பெனால்டி எல்லைக்கு அருகே பந்து கைமாறியது. அங்கிருந்து நடந்ததை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புரொசினெச்கி வலப்புற வெளிக்குப் பந்தை நீளமாக அனுப்புகிறார். அங்கே டிராகிஷா பினிச் ஓடிக்கொண்டிருக்கிறார். தடகள வீரனின் வேகம் அவருக்கு. பந்தை அடக்க ஒரு கணமும் செலவழிக்காமல் தரையோடு தரையாகக் குறுக்கே அனுப்ப, தொலைக் கம்பத்துக்கருகே சறுக்கியபடி வந்து சேர்கிறார் பான்செவ். ஒரு பெனால்டி எல்லையிலிருந்து மறு கோல் வரைக்கும் ஒரு மூச்சுப் பிடித்து விடும் நேரம்தான். பிற்காலத்தில் வேகமான எதிர்த்தாக்குதல் என்பதைப் பலரும் பெருமையாகப் பேசத் தொடங்கிய பிறகு நான் பார்த்த எந்தக் கோலும் இதைவிடச் சுத்தமானதாக எனக்குத் தோன்றவில்லை. 70ஆவது நிமிடத்தில் சாவிச்செவிச் நடுக்களத்திலிருந்து தனியே பந்தோடு ஓடினார். உலகக் கோப்பை வென்ற யூர்கன் கோலர் பின்னால் துரத்தியும் எட்ட முடியாமல் போக, இடது காலால் கோலை அடித்தார். 2-1. பயர்ன் அணியை அதன் சொந்த அரங்கத்தில் ஐரோப்பியக் கோப்பையில் வெல்வது அன்றைக்குச் சாதாரணச் செய்தி இல்லை.

ஏப்ரல் 24 அன்று பெல்கிரேடில் இரண்டாவது ஆட்டம். உள்ளூர் மக்கள் தங்கள் அரங்கத்தைப் பிரேசிலின் பெயரால் மரக்கானா என்றே அழைப்பார்கள். அன்று எண்பதாயிரம் பேர் அளவில் திரண்டிருந்தார்கள். மிஹைலோவிச்சின் இடதுகால் ஃப்ரீ கிக்கில் 1-0. எல்லாம் முடிந்தது என்று இருந்த நிலையில், இரண்டாம் பாதியில் சில நிமிட இடைவெளிக்குள் பயர்ன் இரண்டு கோல்கள் அடித்தது. முதலாவதை அடித்தவர் அணித்தலைவர் கிளவுஸ் ஆகென்தாலர். இப்போது மொத்தக் கணக்கு 3-3. சமநிலையை முறிக்கக் கணக்கிடும் வெளியூர்க் கோல்களும் சமம். வோல்ஃபார்ட் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரம் நிச்சயம் என்ற 90ஆவது நிமிடத்தில், இடப்புறத்திலிருந்து மிஹைலோவிச் ஒரு பந்தைக் குறுக்கே அனுப்பினார். அதைத் தடுக்க ஆகென்தாலர் காலை நீட்டினார். பந்து அவர் காலில் பட்டு வில்லாக வளைந்து மேலெழும்பி, கோல்கீப்பர் ஆமனின் கையையும் கடந்து வலைக்குள் இறங்கியது. முன்பு தன் அணிக்கு உயிர் கொடுத்த அதே மனிதரின் காலிலிருந்து. ஆமன் வலைக்குள் கிடக்கும் பந்தைப் பார்க்கும் அந்தக் காட்சியில், கோல் அடித்த அணியின் ரசிகனாக இருந்தும் எனக்கு அவர் மேல் இரக்கம் வருகிறது. ஆட்டம் முடிந்த உடனே களம் முழுதும் மனிதத் தலைகள்.

அந்த அணியின் உண்மையான இறுதிப் போட்டி அன்றே நடந்து முடிந்துவிட்டது என்றுதான் நான் கருதுகிறேன். அதன் பிறகு வந்த ஐந்து வாரங்களில் நாடு ஆடத் தொடங்கிவிட்டது.

நாட்டில் விரிசல் முந்தைய ஆண்டே வெளிப்பட்டிருந்தது. 1990 மே 13 அன்று சாக்ரெப்பின் மாக்சிமிர் அரங்கத்தில் டைனமோவுக்கும் ரெட் ஸ்டாருக்கும் நடக்கவிருந்த ஆட்டம், ரசிகர்களுக்கும் காவலர்களுக்கும் இடையிலான பெரும் கலவரத்தால் ஆடப்படாமலே போனது. ரசிகன் ஒருவனை அடித்த காவலரை டைனமோவின் போபன் பாய்ந்து உதைக்கும் படம் உலகெங்கும் பரவியது. ரெட் ஸ்டாரின் ரசிகர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜெல்கோ ராஜ்னாதோவிச், அர்க்கான் என்று அறியப்பட்டவர், அதே ஆண்டு அக்டோபரில் ஒரு தன்னார்வப் படையை அமைத்தார். அரங்கத்தில் பாடிய இளைஞர்களில் பலர் அதில் சேர்ந்தார்கள். பின்னர் அந்தப் படை போஸ்னியாவில் செய்த கொடுமைகளுக்காகப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் அவர் மீது குற்றம் சாட்டியது. அந்த அணியை நேசிக்கிறவன் இதை மறைத்துவிட்டு எழுதக் கூடாது. மரக்கானாவில் அன்று எழுந்த ஆரவாரத்தில் பான்செவின் பெயரும் இருந்தது. சில மாதங்களில் துப்பாக்கி ஏந்தப் போகிறவர்களின் குரலும் இருந்தது.

பயர்னை வென்று எட்டு நாள்தான் கழிந்திருந்தது. மே 2 அன்று போரோவோ செலோவில், அதாவது மிஹைலோவிச் வளர்ந்த ஊரின் பக்கத்திலேயே, செர்பிய ஆயுதக் குழுவினரின் தாக்குதலில் குரோவாத்தியக் காவலர்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். பெரும் போருக்குத் திரும்பிப் போக முடியாத வாசல் அதுவென்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். அதற்கு ஆறு நாள் கழித்து, மே 8 அன்று, பெல்கிரேடில், யூகோஸ்லாவியாவை நெடுங்காலம் ஆண்ட டிட்டோவின் பெயரிலான மார்ஷல் டிட்டோ கோப்பையின் இறுதிப் போட்டி. ரெட் ஸ்டாரின் எதிரணி குரோவாத்தியாவின் ஹைடுக் ஸ்பிலிட். அலென் போக்சிச்சின் ஒரே கோலில் ஹைடுக் வென்றது. அந்த ஆட்டத்தில் மிஹைலோவிச்சும் ஹைடுக்கின் இகோர் ஸ்டிமாச்சும் ஒருவரோடொருவர் மோதி, இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஆம், 2019 முதல் ஐந்தாண்டுகள் நம் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த அதே ஸ்டிமாச்தான். பக்கக் கோட்டருகே அவர் நின்று கத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், இந்த மனிதர் அந்த மே மாதத்தை உள்ளே சுமந்துகொண்டிருப்பாரா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. டிட்டோவின் பெயரிலான அந்தக் கோப்பையை ஹைடுக் ஸ்பிலிட்டுக்குக் கொண்டுபோனது. அது திரும்ப வரவேயில்லை. அந்தப் போட்டியும் ஒன்றுபட்ட நாட்டில் பிறகு நடக்கவில்லை.

இருபத்தொரு நாள் கழித்து, மே 29 அன்று, பாரியில் இறுதிப் போட்டி. முந்தைய ஆண்டு உலகக் கோப்பைக்காகக் கட்டிடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த சான் நிக்கோலா அரங்கம். பாரியிலிருந்து அட்ரியாட்டிக் கடலை நேர் குறுக்கே கடந்தால் மரோவிச்சின் ஊரான பார் வந்துவிடும். இரண்டு ஊர்களுக்கும் இடையில் படகுப் போக்குவரத்து உண்டு. எதிரே மார்செய்: பாப்பான், வாடில், அபேடி பெலே, மோசர், போலி என்று பணத்தாலும் திறமையாலும் கட்டிய அணி. தலைவர் பெர்னார் தப்பி. பயிற்சியாளர் ரேமோன் கோதால்ஸ் என்ற பெல்ஜியத்து முதியவர்.

மிஹைலோவிச் பிற்காலத்தில் சொன்னதிலிருந்து அன்று என்ன நடந்தது என்பது தெரிகிறது. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு பெத்ரோவிச் வீரர்களை அழைத்து, நாம் தாக்கி ஆடினால் பின்னால் இடம் திறந்துவிடும், மார்செய் அதைப் பயன்படுத்திக் கொல்லும் என்றார். பந்து நம்மிடம் வந்தால் என்ன செய்வது என்று வீரர்கள் கேட்க, அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்ததாம். எட்டு ஆட்டங்களாகப் பாய்ந்து ஆடிய அணியிடம் சொல்லப்பட்டது இது.

சொன்னபடியே செய்தார்கள். பதிவை ஓட்டிப் பார்க்கும்போது என் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பந்து ரெட் ஸ்டார் கோல்கீப்பர் ஸ்டொயானோவிச்சின் கைக்குப் போகும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. முதல் பாதியிலேயே கோடுகள் ஒரு வரியைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். சக வீரன் காலால் திருப்பி அனுப்பும் பந்தை அன்று கோல்கீப்பர் கையால் எடுக்கலாம். அதைத் தடுக்கும் விதி 1992இல்தான் வந்தது. எனவே பந்தைப் பின்னுக்குத் தள்ளி, கீப்பர் கையில் எடுத்து, தரையில் தட்டி, மீண்டும் பக்கத்தில் நிற்பவனுக்கு உருட்டி, திரும்ப வாங்கி, கடைசியில் வானத்தை நோக்கி உதைப்பது முழுக்க முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்ட ஆட்டம். சாவிச்செவிச், புரொசினெச்கி, பான்செவ் மூவரும் அந்த நடுக்களத்தில் நிற்கும் கோலத்தைப் பார்க்கும்போது, மிருதங்க வித்துவான்களைக் கச்சேரி முழுதும் தாளம் மட்டும் போடச் சொன்னதுபோல் இருக்கிறது. மார்செயும் தயங்கித் தயங்கியே ஆடியது. பாப்பானுக்கும் வாடிலுக்கும் கிடைத்த வாய்ப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் பெத்ரோவிச்சின் கணக்கில் பிழை இல்லை. அந்த அணியில் பெரும்பாலோருக்கு வயது இருபதுகளின் தொடக்கம் அல்லது நடு. புரொசினெச்கிக்கு 22, மிஹைலோவிச்சுக்கும் அதே வயது, யுகோவிச்சுக்கு 21. மார்செயின் கை அனுபவத்தில் ஓங்கியிருந்தது. பெனால்டி வரை இழுத்துவிட்டால் அனுபவத்தின் எடை குறையும். இந்தக் காரணங்களோடு நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். இது என் ஊகம், அவ்வளவே. சொந்த ஊரில் குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்ட வேளையில், மூன்று வாரத்துக்கு முன் தன் நாட்டுக்காரனோடேயே கைகலந்து வெளியேறியவன், இன்னும் ஓர் இரவு எதையும் உடைக்காமல் கையில் இருப்பதைப் பிடித்து வைத்திருக்கத்தான் விரும்புவான். தாக்கி ஆடுவதற்கு நாளை என்ற ஒன்று வேண்டும். 1988இல் பனி பறித்ததை அந்த அணி மறந்திருக்காது. இந்த முறை எந்தப் பக்கமிருந்தும் எதுவும் நுழையாதபடி கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

112ஆவது நிமிடத்தில் கோதால்ஸ் ஒரு மாற்று வீரரை இறக்கினார். டிராகன் ஸ்டொய்க்கோவிச். 1986 முதல் 1990 வரை ரெட் ஸ்டாரின் உயிர்நாடியாக இருந்தவர். கழகம் தன் மிகப் பெரிய வீரர்களுக்கு மட்டும் தரும் ‘நட்சத்திரத்தின் நட்சத்திரம்’ என்ற பட்டத்தைப் பெற்ற ஐந்தாவது மனிதர். உலகக் கோப்பை முடிந்ததும் மார்செய்க்கு விலை போய், முழங்கால் காயத்தால் பருவத்தின் பெரும் பகுதியை இழந்திருந்தார். அவரைக் களமிறக்கியது பெனால்டிக்காகத்தான் என்பது பார்த்த எவருக்கும் விளங்கும். அவரோ, ரெட் ஸ்டாருக்கு எதிராகப் பெனால்டி உதைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பதினொரு மாதங்களுக்கு முன், 1990 ஜூன் 30 அன்று ஃபுளோரன்சில், உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக யூகோஸ்லாவியாவின் முதல் பெனால்டியை உதைத்தவர் அவர்தான். அது மேல்கட்டையில் பட்டுத் திரும்பியது. ஷபனாஜோவிச் முன்னதாகவே வெளியேற்றப்பட்டுப் பத்து பேரோடு 120ஆவது நிமிடம் வரை தாக்குப்பிடித்த அணி, அன்று பெனால்டியில் தோற்றது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் நான் கண்ணீர் விட்ட முதல் கால்பந்து ஆட்டம் அது.

பாரியில் முதல் உதை புரொசினெச்கியுடையது. கோல். மார்செயின் முதல் உதையை மனுவேல் அமொரோஸ் எடுத்தார், ஸ்டொயானோவிச் தடுத்தார். அதற்குப் பிறகு யாருமே தவறவிடவில்லை. பினிச், பெலோடெடிச், மிஹைலோவிச் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து அடித்தார்கள். பெலோடெடிச் 1986இல் செவிய்யாவில் ஸ்டௌவாவோடு வென்ற இறுதிப் போட்டியும் இதேபோல 0-0 என்று பெனால்டிக்குப் போனதுதான். அன்று அவர் உதைக்கவில்லை, இன்று உதைத்தார். இரண்டு வெவ்வேறு கழகங்களோடு இந்தக் கோப்பையை வென்ற முதல் மனிதர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. ஐந்தாவது உதை பான்செவ். அடித்ததும் அவர் இரண்டு கைகளையும் விரித்தபடி ஓடுகிறார்.

தீர்ப்புச் சொல்பவர்கள் அந்த 120 நிமிடங்களைத் தனியே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மியூனிக்கின் அந்தக் கோலை அடித்த கால்கள்தான் பாரியில் அசையாமல் நின்றன; ஆடத் தெரியாமல் நின்ற கால்கள் அவை இல்லை. அந்த ஆட்டத்தை அவர்கள் ஆடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் ஏக்கம் உண்டு. ஆனால் அந்தக் கோப்பை கையில் இல்லாமல் அந்த அணி கலைந்து போயிருந்தால், இன்று அவர்களைப் பற்றி இவ்வளவு எழுத யார் இருந்திருப்பார்கள்?

ஜூன் 25 அன்று, பாரி முடிந்து நான்கு வாரத்துக்குள், ஸ்லோவேனியாவும் குரோவாத்தியாவும் விடுதலையை அறிவித்தன. புரொசினெச்கி ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 1998 உலகக் கோப்பையில் குரோவாத்தியாவுக்காக கோல் அடித்து, இரண்டு நாடுகளுக்காக உலகக் கோப்பையில் கோல் அடித்த முதல் வீரரானார். 1991 நவம்பரில் வுக்கோவர் வீழ்ந்தது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று டோக்கியோவில், சாவிச்செவிச் முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டும், சிலியின் கோலோ-கோலோவை 3-0 என்று வென்று ரெட் ஸ்டார் உலகக் கழகங்களின் கோப்பையையும் எடுத்தது. 1990-91 பருவத்தில் 34 லீக் கோல்கள் அடித்து ஐரோப்பாவிலேயே முதலிடம் பெற்ற பான்செவுக்கு உரிய தங்கக் காலணி, நிர்வாகச் சிக்கல்களால் 2006இல்தான் கைக்கு வந்தது.

நடப்புச் சாம்பியனாகக் கோப்பையைக் காக்க வந்த ரெட் ஸ்டாருக்குச் சொந்த ஊரில் ஆட அனுமதி இல்லை. போர் நடக்கும் நாட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதால் தங்கள் ‘சொந்த’ ஆட்டங்களை ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் ஆடினார்கள். அப்படியும் குழுவில் முன்னணியில் நின்று, இத்தாலியின் சாம்ப்டோரியாவை வென்றால் மீண்டும் ஓர் இறுதிப் போட்டி கைக்கெட்டும் என்ற நிலைக்கு வந்தார்கள். 1992 ஏப்ரல் 1 அன்று சோஃபியாவில் அந்த ஆட்டம். மிஹைலோவிச் அடித்த கோலில் ரெட் ஸ்டார் முந்தியது. சாம்ப்டோரியாவுக்குச் சமன் கோலை அடித்தவர் ஸ்ரெச்கோ கதானெச். ஸ்லோவேனியர். 1990 உலகக் கோப்பையில் சாவிச்செவிச்சோடும் புரொசினெச்கியோடும் ஸ்டொய்க்கோவிச்சோடும் யூகோஸ்லாவியாவின் நீலச் சட்டையில் ஒன்றாக நின்றவர்.